மனு கொடுக்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

இலத்தூர் விலக்கு டீக்கடையில் உட்கார்ந்து சீனாவைத் திட்டுவதற்குத் தைரியம் தேவையில்லை. 1989 ஜூன் 4 அன்று பெய்ஜிங்கில் சொந்தப் பிள்ளைகள்மேலேயே டாங்கியை ஏவிய அரசு அது. அந்தத் தேதியை இணையத்தில் எழுதினால் இன்றும் அழித்துவிடுவார்கள் என்பதால், 'மே 35' என்று எழுதிப் பார்க்கிறார்கள் அந்த ஊர் மக்கள். “அங்கெல்லாம் மனுசன் இருக்க முடியுமா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு நாம் டீயை உறிஞ்சுகிறோம். பாவம், சீனாக்காரனுக்கு விவரம் பத்தாது. விசாரணைக் கமிஷன் என்று ஒன்று இருக்கும்போது, தணிக்கைக்குப் போய் எவனாவது காசைக் கரியாக்குவானா?

தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்தான். அதுவரை இலத்தூர்க்காரர்களுக்கும் கலெக்டர் ஆபீஸ் என்றால் நெல்லைக் கொக்கிரகுளம். நம்மூர் ஆட்கள் பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் ஏறி இறங்கிய அதே இடத்துக்குத்தான், 1999 ஜூலை 23 அன்று, குற்றாலத்தில் சீசன் களைகட்டும் நாளில், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனது. கூலியை உயர்த்து, சிறையில் கிடக்கும் 652 தொழிலாளர்களை விடுதலை செய். கேட்டது இவ்வளவுதான். கிடைத்தது தடியடி. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் தாமிரபரணி. ஆற்றில் குதித்தவர்கள்மேல் கரையிலிருந்து கல்லும் பறந்தது. 17 பேர் பிணமானார்கள். அதில் ஒன்று குழந்தை.

வந்தது நீதிபதி மோகன் கமிஷன். 11 பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள் என்று கண்டுபிடித்தது. ஆக, கொன்றது தண்ணீர்! தாமிரபரணிமேல் இதுவரை எஃப்.ஐ.ஆர். போடாதது நம் காவல்துறையின் பெருந்தன்மை. நீச்சல் பழகாமல் கலெக்டர் ஆபீசுக்கு வந்தது குழந்தையின் குற்றம்.

அடுத்து 2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் 100-ஆவது நாள். இதுவும் கலெக்டர் ஆபீசுக்குப் போன கூட்டம்தான். அன்று ஆறு இல்லை, துப்பாக்கி இருந்தது. மஞ்சள் டி-சர்ட் போட்ட போலீஸ்காரர் வேன்மேல் ஏறிக் குறிபார்த்ததை நாடே பார்த்தது. 13 பேர் செத்தார்கள். தானும் டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக அன்றைய முதல்வர் சொன்னார். போலீஸ் துறையைக் கையில் வைத்திருந்தவர் அவர்; நாம் கேபிள் கட்டணம் கட்டியவர்கள்; மற்றபடி வித்தியாசமில்லை. நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன், ஓடியவர்களைச் சுட்டதை எழுதி, 17 போலீசார்மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. உண்மையை எழுதும் கமிஷனும் உண்டு என்பது ஆறுதல். அதற்கும் அலமாரியில் இடம் உண்டு என்பது நிர்வாகத் திறமை.

ஆகவே, தென்காசிக்கு மனுவோடு கிளம்பும் இலத்தூர் மக்களே, முதலில் நம் குளத்தில் முங்குநீச்சல் பழகிக்கொள்ளுங்கள். போலீசைக் கண்டால் ஓடாதீர்கள், தோட்டா முதுகைத் தேடி வரும். திரும்பி நிற்காதீர்கள், தாக்க வந்ததாகக் கணக்கு எழுதுவார்கள். கூலி கேட்காதீர்கள். சுத்தமான காற்றும் கேட்காதீர்கள். சார் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, வாய்பொத்தி வீடு திரும்புங்கள்.

ஜூலை 23 வந்தால் எல்லாக் கட்சியும் ஆற்றில் பூப்போடும். ஆட்சியில் இருக்கும்போது கமிஷன், ஆட்சி போனபின் கண்ணீர். மாஞ்சோலையில் மிச்சமிருந்த தொழிலாளர்களைத் தோட்டக் கம்பெனி 2024-இல் விருப்ப ஓய்வு என்று சொல்லி மலையை விட்டே இறக்கக் கிளம்பியது. யாருடைய விருப்பம் என்று கேட்க இன்னொரு கமிஷன் போடலாம்.

செத்த வீட்டுக்குப் பணம், வாரிசுக்கு வேலை, அதிகாரிக்கு இடமாறுதல். நீதி எங்கே என்று யாரும் எவ்வளவு சத்தமாகவும் கேட்கலாம், இது சுதந்திர நாடு. கொன்றவர்கள் ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்து, படுக்கையில் நிம்மதியாகச் சாகும்வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம்.