லாஸ் வேகாஸுக்கு மூன்று கொட்டேஷன்

ஓசூர் சிப்காட்டில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில் இவர் உட்கார்ந்திருப்பார். ஒரு ரூபாய் போல்ட்டுக்கும் மூன்று கொட்டேஷன் வாங்கி, அதில் குறைச்சலாகப் போட்டவனையும் கூப்பிட்டு, டீ கொடுத்து, இன்னும் அஞ்சு பைசா கழற்றிவிட்டுத்தான் அனுப்புவார். இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆடம்பர ஆசை. லாஸ் வேகாஸ் பார்த்துவிட வேண்டும், எல்-1 ரேட்டில், அதாவது ஆகக் குறைந்த விலையில்.

"சூதாடவா சார்?" என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தபோது ஊரே புலம்பியது. "கவர்மென்ட்டே நமக்கு காஸ்ட் ரிடக்‌ஷன் பண்ணிக் குடுத்திருக்கு" என்று மகிழ்ந்தவர் இவர்.

வேகாஸ் அவருக்குத் தளி ரோடு மாதிரி அத்துப்படி. ஞாயிறு முதல் வியாழன் வரை ரூம் மலிவு. ஜனவரியில் சி.இ.எஸ். எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி நடக்கும்போது அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. வாடகைக்கு மேல் 'ரிசார்ட் ஃபீ' என்று தனியாகத் தீட்டுவார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் உயரும். "2025 வரைக்கும் கொட்டேஷன்ல காட்டாம பில்லுல ஏத்தினான் பாருங்க, அவன நம்ம வெண்டர் லிஸ்ட்லயே வெக்கக் கூடாது!" பெலாஜியோ ஓட்டல் நீரூற்றுக்குக் காசு கிடையாது. பாதி உயர ஈஃபில் கோபுரம் ஒன்றும் அங்கே நிற்கிறது. மேலே ஏறினால்தான் டிக்கெட். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பாரிஸும் முடிந்தது.

பெரிய கேசினோக்கள் இருக்கிற 'ஸ்ட்ரிப்' சாலையின் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை, பாரடைஸ் என்கிற பக்கத்து ஊர்க் கணக்கில் வருகிறது என்று தெரிந்தபோது அவருக்கு அந்த ஊர்மேல் பாசமே வந்துவிட்டது. கர்நாடக எல்லையான அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு சொந்தக்காரர்களிடம் "பெங்களூர்ல இருக்கோம்" என்று சொல்கிறவர் ஆயிற்றே!

விமான டிக்கெட் லட்சத்தைத் தாண்டும் என்பதில் அவருக்குப் பதற்றமில்லை. நெஞ்சு அடைப்பதெல்லாம் தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கு டாக்சி வைப்பதில்தான். ஸ்டேட் தாண்டுவதால் பர்மிட், வழியெல்லாம் டோல். ஆகவே அத்திப்பள்ளி வரை டவுன் பஸ், அங்கிருந்து எலக்ட்ரானிக் சிட்டி, அப்புறம் வாயு வஜ்ரா ஏர்போர்ட் பஸ். இரண்டு பெட்டியோடு முகூர்த்த நாளில் இதைச் செய்து பார்க்கட்டும்.

சாப்பாட்டுக்கு ராகி மாவு, களி கிண்ட எலக்ட்ரிக் கெட்டில். "சார், அங்க கரண்ட் 120 வோல்ட். நம்ம கெட்டில் கால் பங்கு பவர்லதான் ஓடும்" என்று மெயின்டனன்ஸ் தம்பி எச்சரித்தான். "ராத்திரியே போட்டு வெச்சா காலைல கொதிக்காதா?" என்றார். ஜெட்லாக் பற்றியும் கவலையில்லை. வேகாஸ் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. இரவு பதினொன்றுக்கு மூன்றாவது ஷிஃப்ட் ஏறுகிறவனுக்கு அங்கே காலை வேளை. கிளம்புவதற்கு முந்தின மாதம் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கினால் உடம்பு தானாகப் பழகிவிடும், அலவன்சும் வரும்.

எல்லாம் தயார். விசாவுக்குத்தான் இன்னும் போடவில்லை. கட்டணம் 185 டாலர்; நிராகரித்தாலும் திருப்பித் தரமாட்டார்கள். சரக்கு வருமுன்னே பணம் கட்டுகிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே இல்லை. அதோடு, ஓசூரிலேயே விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்துவிட்டார்: 2,000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகள். பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தமோ 150 கிலோமீட்டருக்குள் போட்டி நிலையம் வராமல் 2033 வரை காபந்து செய்கிறது. "பத்து வருஷ விசாவ இப்பவே எடுத்தா முக்கால்வாசி டெட் ஸ்டாக் சார். நம்ம ஊர்லயே ஏறினா டாக்சி மிச்சம்."

"ஏங்க, அதுவரைக்கும் ஒகேனக்கலாவது போய்ட்டு வரலாமே" என்றார் வீட்டம்மா. நம்மவர் அதையும் ஏற்கெனவே விசாரித்துவிட்டார். பரிசலுக்கு ஒரே ரேட்டாம், போர்டு எழுதி வைத்திருக்கிறார்களாம். பேசிக் குறைக்கவே வழியில்லையாம்.

"அதுல என்ன இருக்கு?" என்றார்.