ஓட்டமாவடியில் அமெரிக்கத் துவக்கு சேர்ப்போருக்குச் சில புத்திமதிகள்

முதலில் வீட்டில் துவக்கு என்ற சொல்லை எடுக்காதீர்கள். யுத்தத்தைக் கண்ட கரை இது. "உம்மா, 1795ஆம் ஆண்டுச் சாமான் ஒன்று வாங்கப்போறன்" என்று மட்டும் சொல்லுங்கள். அலுமாரி என்று அவர் நினைத்துக்கொண்டால் திருத்தப் போக வேண்டாம்.

எதை வாங்குவது? மசாசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையின் 1795 மாதிரியில் தொடங்குவதுதான் கௌரவம். பிரெஞ்சுக்காரரின் சார்லவில் துவக்கைப் பார்த்துச் செய்தது, குழல்வாய் 0.69 அங்குலம். வாய்வழியே மருந்தும் குண்டும் போட்டுத் தண்டால் இடிக்க வேண்டும். கடன்பட்டுக் கடல் கடந்து கொண்டுவந்ததை வயற்காரக் காக்கா ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கட மூத்தவாப்பாட இடியன்தானே" என்பார். கோபிக்காதீர்கள். வேலை செய்யும் முறையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி.

மலிவாகக் கிடைக்கிறதே என்று 1816 மாதிரிக்குத் தாவிவிடாதீர்கள். நமது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்கு 1815 மார்ச் 2தான் எல்லை. கண்டி இராச்சியம் வெள்ளைக்காரன் கைக்குப் போன நாள். அதற்கு முந்தியதென்றால் தொல்பொருள். உங்கள் 1816, ஒரு வருடம் பிந்திப் பிறந்த பாவத்துக்கு வெறும் துவக்கு. 1795ஐ வைத்திருப்பவரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம்: 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் பக்கத்து மேசையில் காத்திருக்கிறது. அமெரிக்காவிலோ 1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, 1898 வரை செய்த பழைய துவக்கு, துவக்கே அல்ல. துவக்கோடு அந்தச் சட்டத்தையும் பார்சலில் போடச் சொல்லிப் பாருங்கள்.

விற்பவர் "அசல் சிக்கிமுக்கி" என்று சத்தியம் செய்தால் கண்ணாடியைப் போடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஏராளமான சிக்கிமுக்கித் துவக்குகளைத் தொப்பி வெடிக்கு மாற்றினார்கள். பிற்காலத்து வியாபாரிகள், விலை கூடும் என்பதற்காக, அவற்றையே மறுபடி சிக்கிமுக்கியாக்கினார்கள். நெருப்புப் போகும் துளையைச் சுற்றிப் பாருங்கள். குழல் பொருக்குத் தட்டி அரித்துக் கிடக்க, பக்கத்திலுள்ள மருந்துக் கிண்ணம் மட்டும் புதுமாப்பிள்ளை போல மினுங்கினால், எழும்பி வந்துவிடுங்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டே வரலாம்.

வாங்கிய பின் பெரிய எதிரி வாவிக் காற்றிலுள்ள உப்பு. அதைவிடப் பெரிய எதிரி பெருநாளுக்கு வீடு கழுவும் உற்சாகம். இருநூறு வருடக் கறுப்பில்தான் விலையே இருக்கிறது; அதை யாரோ தும்பும் சாம்பலும் போட்டு ஒரு சுபஹுக்குள் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். மெல்லிய எண்ணெய்த் துணி போதும். அறைத் திறப்பு உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் வசதி இல்லாதவர்கள் வாழைச்சேனையில் கொழும்பு ரயில் ஏறலாம். வழியில் புணானை வரும். ஆட்களைத் தின்ற சிறுத்தையை ஷெல்டன் ஏகார் 1924இல் சுட்டது அந்தக் காட்டில்தான். அது இப்போது பஞ்சடைத்தபடி கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்கிறது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையிட்டு, 2023இல் திருப்பித் தந்த லெவ்கே பீரங்கியும் அங்கேதான். கண்டியர் துவக்குகளையும் தேடிப் பாருங்கள்: பிடி இரண்டாகப் பிளந்திருக்கும், வெடிப்பொறி இடப்பக்கம் இருக்கும். ஸ்பிரிங்ஃபீல்டில் அது வலப்பக்கம்.

வாசலில் டிக்கட் எடுக்கும்போது மட்டும் "துவக்கு எந்தப் பக்கம்?" என்று உரத்துக் கேட்காதீர்கள். பையைத் திறக்கச் சொல்வார்கள். உம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சல் அவர்கள் முன்னால் அவிழும்.