மாறுதல் படலம்: பெருங்குடி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பர்மாவுக்குப் போனவர்கள், மலேயாவுக்குப் போனவர்கள், பம்பாய்க்கு ரயிலேறியவர்கள் என்று தமிழர் இடம்பெயர்ந்த வரலாற்றை அறிஞர்கள் அலசித் தீர்த்துவிட்டார்கள். ஒரே ஒரு கூட்டம்தான் யார் கண்ணிலும் படவில்லை. கிடைத்த கல்லூரியில் சேர்ந்து, ஓராண்டு படித்து, 'இது நமக்குச் சரிப்படாது, பெரிய பல்கலைக்கழகத்துக்கே போய்விடலாம்' என்று மாறுதல் விண்ணப்பம் எழுதிய கூட்டம் அது. அந்தக் குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். இதுவரை யாரும் செய்யவில்லை என்பதைத் தவிர இதைச் செய்ய வேறு காரணம் இல்லை. அதைவிடக் குறைந்த காரணத்துக்கெல்லாம் எம்.ஃபில். பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

களம் பெருங்குடி. ஏன் பெருங்குடி என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் ரயில்வே வரைபடத்தைத்தான் காட்ட வேண்டும். பறக்கும் ரயில் 2007 நவம்பரில் வேளச்சேரி வரை நீண்டது. அதனால் விளைந்த ஓர் உண்மையைப் புவியியலாளர்கள் கவனிக்கவே இல்லை. பெருங்குடி நிலையத்தின் பக்கம் எம்.ஜி.ஆர். சாலையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் வளாகம். அடுத்த நிலையமான தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். கோட்டூர்புரத்தில் இறங்கி நடந்தால் அண்ணா பல்கலைக்கழகம். கிரீன்வேஸ் சாலையில் மறுபடியும் சட்டப் பல்கலைக்கழகம், இம்முறை 'பூம்பொழில்' என்ற அழகான பெயரில். மந்தைவெளி, மயிலாப்பூர் தாண்டிச் சேப்பாக்கத்தில் இறங்கினால் 1857-இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம். ஆக, ஒரு மாணவன் சில்லறைக் காசுக்கு டிக்கெட் எடுத்து, ஒரு மணி நேரம்கூட ஆகாமல் இத்தனை பல்கலைக்கழகங்களுக்கும் மாறிவிடலாம். அவனுடைய கோப்பு மாறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதுதான் ஆய்வுச் சிக்கல்.

மரபு வழுவாமல் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பகுத்துப் பார்ப்போம். நிலம் சதுப்பு, கடலும் தொலைவில் இல்லை, ஆகவே நெய்தல் என்க. பொழுது, தேர்வு முடிவு வந்த மறுநாள் தொடங்கி அடுத்த பருவத்தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி வரை. தெய்வம் பதிவாளர். உணவு, அலுவலக வாசலில் டீயும் மசால் வடையும். பறை, தபால் பிரிவில் முத்திரை குத்தும் ஓசை. தொழில், ஜெராக்ஸ் எடுத்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று முன்னோர் வகுத்துவிட்டதால் அதில் நாம் கைவைக்க வேண்டியதில்லை. 'முல்லைக்குரிய இருத்தல் அன்றோ பொருத்தம், வரிசையில் உட்கார்ந்துதானே இருக்கிறான்' என்பார் உளர். அற்றன்று. உட்கார நாற்காலி இல்லாமையின் என்க.

புள் என்ற இடத்தில் பள்ளிக்கரணைப் பறவைகளைச் சேர்க்க வேண்டும். பெருங்குடியை ஒட்டிக் கிடக்கும் அந்தச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. குளிர்காலம் வந்தால் எங்கிருந்தோ வாத்துகளும் உள்ளான்களும் கூட்டமாக வந்து இறங்குகின்றன, பூநாரைகளும் நிற்கின்றன. இவற்றில் எதனிடமும் மைக்ரேஷன் சான்றிதழ் கிடையாது. அந்தச் சான்றிதழைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுப்பவை பல்கலைக்கழகங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே நிற்பவன் மாணவன்.

இனி மூல பாடத்துக்கு வருவோம். மாறுதல் விண்ணப்பம் தனி இலக்கிய வகை. அனுப்புநர், பெறுநர், 'வழி: கல்லூரி முதல்வர் அவர்கள்', பொருள் என்ற கட்டுமானத்தில் மாற்றமே கிடையாது. சுவை முழுவதும் காரணம் சொல்லும் அந்த ஒரு பத்தியில்தான். மாறுதல் வேண்டுபவனுக்கு உள்ள உண்மையான காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: ஹாஸ்டல் சாப்பாடு, நண்பர்கள் எல்லாரும் சென்னையில் இருப்பது, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அங்கே எந்தக் கம்பெனியும் வராதது, சித்தி மகன் கிண்டியில் படிப்பது. இவற்றில் ஒன்றைக்கூட எந்த விண்ணப்பத்திலும் காண முடியாது. காகிதத்தில் இறங்கும்போது எல்லாமே 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று உருமாறிவிடும். தந்தைக்குப் பணிமாறுதல் வந்திருக்கும். தாயாருக்கு உடல்நலம் குன்றியிருக்கும். உடனிருந்து கவனிக்க வேறு ஆள் இல்லாமல் போயிருக்கும். அந்தத் தாயார்தான் பெரும்பாலும் அலுவலகத்துக்கு டிபன் கட்டிக்கொண்டு கூடவே வந்திருப்பார். எழுத்தர் ஏறிட்டுப் பார்க்கும்போது மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

இவ்வகையின் உச்சம் மருத்துவச் சான்று இணைத்த விண்ணப்பம். தாமிரபரணிக் கரையின் தட்பவெப்பம் தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சுத் திணறுகிறது, ஆகவே பெருங்குடிக்கு மாற்றித் தருமாறு கனிவோடு வேண்டுகிறார் மாணவர். பெருங்குடியில் சென்னை மாநகரின் மிகப் பெரிய குப்பைக் கிடங்குகளுள் ஒன்று இருக்கிறது. காற்று தெற்கிலிருந்து அடித்தால் ரயில் நிலைய நடைமேடையில் நிற்பவர்கள் பேசுவதை நிறுத்திவிட்டுக் கைக்குட்டையைத் தேடுவார்கள். மாநகராட்சி அந்தக் குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து அப்புறப்படுத்தும் வேலையில் இறங்கி ஆண்டுகள் ஆகின்றன. அதாவது பெருங்குடியில் குப்பைக்கே மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. இந்தக் காற்றை நம்பி மூச்சுக்கு மருந்து தேடி ஒருவன் வருகிறான் என்றால் அது உயர்கல்வியின் மேல் உள்ள பக்தியே என்பது நம் துணிபு.

சட்டம் படிப்பவன் நிலை இன்னும் நுட்பமானது. 1997-இல் தொடங்கிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் பெருங்குடியில் சீர்மிகு சட்டப் பள்ளி என்று சொந்தப் பள்ளி உண்டு. அங்கே கிடைப்பது ஹானர்ஸ் பட்டம். மற்ற ஊர்களிலுள்ள அரசு சட்டக் கல்லூரிகள் அதே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகின்றன. ஆனால் அங்கே ஹானர்ஸ் இல்லை. ஒரே தாய்க்குப் பிறந்தவர்களுள் ஒருவனுக்கு மட்டும் கடுக்கன் போட்டால் மற்றவன் சும்மா இருப்பானா? அவன் விண்ணப்பத்தோடு வரும்போது வாசலில் நிற்பது இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள். அவற்றில் 13-ஆவது விதி, ஒருங்கிணைந்த ஐந்தாண்டுப் படிப்பில் பக்கவாட்டில் நுழையவும் கூடாது, நடுவழியில் ஒரு பட்டத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியேறவும் கூடாது என்கிறது. 'நான் பக்கவாட்டில் வரவில்லை, நேராகத்தான் வருகிறேன்' என்று வாதாடத் தெரிந்தவன் நல்ல வக்கீலாக வருவான். ஆனால் மூன்றாம் ஆண்டுக்கு முன் எவனுக்கும் அந்தத் தைரியம் வருவதில்லை.

பொறியியலில் பக்கவாட்டு நுழைவுக்கு அதிகாரபூர்வமான கதவே உண்டு. டிப்ளமா முடித்தவர்கள் நேராகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். தரமணி பாலிடெக்னிக்கில் படித்த பையன் பக்கத்துத் தெருக் கல்லூரியில் சேர ஆசைப்பட்டாலும், அந்தச் சேர்க்கையை நெடுங்காலமாக நடத்தி வந்தது காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி. பறக்கும் ரயில் காரைக்குடி வரை போவதில்லை.

இப்போது ஆய்வின் மையப் பகுதி. களப்பணியில் பதிவான உரையாடல் ஒன்று, எந்த அலுவலகம் என்பது நீங்கலாக, உள்ளது உள்ளபடி:

"சார், டிரான்ஸ்ஃபர் அப்ளிகேஷன்."

"பழைய காலேஜ்ல என்.ஓ.சி. வாங்கினீங்களா தம்பி?"

"கேட்டேன் சார். இங்க சீட் இருக்குன்னு லெட்டர் கொண்டுவந்தாத்தான் குடுப்பாங்களாம்."

"சீட் இருக்கான்னு பார்க்கணும்னா அப்ளிகேஷன் உள்ள வரணும்."

"அதான் சார் குடுக்கறேன்."

"என்.ஓ.சி. இல்லாம எப்படித் தம்பி உள்ள வரும்?"

"அப்ப என்ன சார் பண்றது?"

"நீங்க ஒரு லெட்டரா எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ஏ-டூ சீட்ல பார்ப்பாங்க. அவங்க இன்னிக்கி லீவு."

தருக்கவியலார் இதைச் சக்கரகம் என்று குறை சொல்வார்கள். அது அவசர முடிவு. இங்கே இரண்டு கல்லூரிகளும் தனித்தனியே பார்த்தால் முழு நியாயத்தோடுதான் நடந்துகொள்கின்றன. போகிற பையனுக்குப் போகிற இடம் உறுதியா என்று கேட்பது பழைய கல்லூரியின் பொறுப்பு. விட்டுவிட்டுத்தான் வருகிறானா என்று கேட்பது புதிய கல்லூரியின் பொறுப்பு. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் 'நீங்கள் முதலில் சொல்லுங்கள்' என்று காத்திருந்தால் முகூர்த்தம் போய்விடும். கல்லூரிக்கு முகூர்த்தம் என்பது காலியிடம் இருக்கும் இரண்டு வாரம்.

இந்த இடத்தில் 'தெரிந்தவர்' என்ற கருத்தாக்கம் நுழைகிறது. மாணவனின் அப்பாவுக்குத் தலைமைச் செயலகத்தில் ஒரு தெரிந்தவர் இருப்பார். அவருக்கு உயர்கல்வித் துறையில் ஒரு தெரிந்தவர் இருப்பார். அவரைத் தேடிப் போனால் போன மாதம் ஓய்வு பெற்றிருப்பார். ஓய்வு பெற்றவர் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்து, தம் காலத்தில் இதெல்லாம் எவ்வளவு சுலபம் என்று விளக்குவார். பயன் இவ்வளவுதான். ஆனாலும் தெரிந்தவர் இல்லாமல் விண்ணப்பித்த குடும்பம் ஒன்றையும் களத்தில் காண இயலவில்லை.

இப்படிக் கல்லூரி மாறியதற்கு முன்னுதாரணம் உண்டா என்று கேட்கலாம். உண்டு, பெரிய உதாரணமே உண்டு. சீனிவாச ராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் தொடாததால் உதவித்தொகை போயிற்று. 1906-இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். இங்கும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. ஆக, இடம் மாறினால் படிப்பு வந்துவிடும் என்ற பெற்றோர் கருதுகோளுக்கு எதிரான முதல் தரவு ராமானுஜனே. துறைமுகத்தில் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தவருக்கு, 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கையில் பட்டம் இல்லை, டி.சி. கேட்டார்களா என்றும் தெரியவில்லை. பெரிய பொதுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிவர அன்று ஒரு வழி இருந்தது. ஆனால் அதற்குக் கேம்பிரிட்ஜிலிருந்து கணிதவியலாளர் ஹார்டி கடிதம் எழுத வேண்டியிருந்தது. செகரட்டேரியட்டில் தெரிந்தவர் போதவில்லை.

வெளிநாட்டு ஒப்பீடு இல்லாத ஆய்வை யாரும் மதிப்பதில்லை, ஆகவே கலிஃபோர்னியா. அங்கே 1960-இல் போட்ட மாபெரும் கல்வித் திட்டம் மாறுதலைச் சலுகையாகப் பார்க்காமல் நேர்வழியாகவே வகுத்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர விண்ணப்பிக்கலாம். முதலாண்டில் புதிதாகச் சேரும் இருவருக்கு ஒருவர் வீதம் இப்படி மாறிவருபவரைச் சேர்ப்பது பல்கலைக்கழகத்தின் இலக்கு. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் இங்கே எதற்கு ஈடு என்று முன்கூட்டியே பட்டியல் இருக்கும். பதினேழு வயதில் சொதப்பியவனுக்கு இருபது வயதில் இன்னொரு கதவு திறக்கும் என்பது ஏற்பாடு. நம் ஊரில் பதினேழு வயது ஜூன் மாதத்தோடு கதை முடிந்தது. கவுன்சலிங்கில் எந்த வரிசையில் விருப்பத்தைக் கொடுத்தாயோ அதுவே நாலு வருஷத்துக்கு விதி.

நம்மவர்களுக்கு மாறத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பெருங்குடியின் கிழக்குப் பக்கம் பழைய மகாபலிபுரம் சாலை. அங்கே கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்ப்பவர்கள் ஒரு கம்பெனியில் 'பேப்பர் போட்டு', நோட்டீஸ் காலம் முடித்து, ரிலீவிங் லெட்டர் வாங்கி, எதிர்ச்சாரியில் உள்ள கம்பெனியில் கூடுதல் சம்பளத்துக்குச் சேர்வது அன்றாட நிகழ்ச்சி. 'ஆஃபர் லெட்டர் முதலில் வரட்டும், பிறகு பேப்பர் போடு' என்று அங்கே பெற்றோரே அறிவுரை சொல்கிறார்கள். அந்த ஆஃபர் லெட்டரைத்தான் பல்கலைக்கழகம் முதலில் கொடுப்பதில்லை. அரசு ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் மாறுதல் கலந்தாய்வு. பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்த பெருங்குடிச் சுங்கச்சாவடிகூட 2021 ஆகஸ்டில் வசூலை நிறுத்தி வழிவிட்டது. அசைய முடியாமல் மிஞ்சியவன் மாணவன் மட்டுமே.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் கல்விக் கிரெடிட் வங்கிக்கு விதிமுறை வெளியிட்டது. மாணவன் ஈட்டும் கிரெடிட்டுகள் பன்னிரண்டு இலக்க எண்ணின்கீழ் கணக்கில் ஏறும். ஏழாண்டு வரை செல்லும். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லலாம் என்பது திட்டம். பணம் போட்டவன் வீட்டிலிருக்க, காசோலை ஊர் சுற்றுவது வங்கி இலக்கணம்தான். ஆனால் கிரெடிட் போய்ச் சேர்ந்த ஊருக்கு அதை ஈட்டியவனும் போக வேண்டும் என்றால், திரும்பவும் ஏ-டூ சீட்டுக்குத்தான் வர வேண்டும்.

முடிவாக, மாறுதல் வேண்டுவோருக்கு ஆய்வாளரின் பரிந்துரைகள் சில. அம்மாவின் உடல்நலத்தை இனியாவது விட்டுவிடுங்கள். அவர் நன்றாக இருக்கட்டும். படிப்பை விட்டு விலகும் மாணவனின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதன் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பேச்சின் தொடக்கத்திலேயே எடுக்காதீர்கள். எதைக் கொடுத்தாலும் இன்வர்டு நம்பர் வாங்காமல் ஜன்னலை விட்டு நகராதீர்கள். டிடி எடுப்பதை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 2012 ஏப்ரலிலிருந்து அதற்கு மூன்று மாதம்தான் ஆயுள்.