மில்லிமீட்டர் மாமா

பாச்சலூர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு "ராத்திரி நல்ல மழை" என்று வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது. பெஞ்சுக் கோடியில் குரங்குக் குல்லாவும் பழைய ஸ்வெட்டருமாக இருப்பவர் டீ கிளாஸைக் கீழே வைப்பார்.

"நல்ல மழைன்னா?"

"ஓடையில தண்ணி பிடுங்கிக்கிட்டுப் போகுது மாமா."

"ஓடை கிடக்குது. எத்தனை மில்லிமீட்டர்?"

கேட்கப்பட்டவர் முழிப்பார். பதில் மாமாவின் சட்டைப்பைக்குள் இருப்பது கடையில் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் மரியாதைக்காக யாராவது "எவ்வளவு மாமா?" என்று கேட்டுவைப்பார்கள்.

"பதினெட்டு புள்ளி நாலு. இதுக்குப் பேரு மிதமான மழை. அறுபத்தி நாலரையைத் தொட்டாத்தான் கனமழை. நல்ல மழைன்னு வானிலைத் துறையில ஒரு வகையே கிடையாது."

அதோடு விடமாட்டார். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஏக்கருக்கு நாலாயிரத்துச் சொச்சம் சதுர மீட்டர். "உன் தோட்டத்துல ஏக்கருக்கு எழுபத்து நாலாயிரம் லிட்டர் ஊத்தியிருக்கு. லாரித் தண்ணியா வாங்கினா ஆறு லாரி. வாடகை எவ்வளவு ஆகும்னு பாத்துக்க." மழைக்குப் பில் போட்டு நீட்டியதுபோல் எதிராளி கும்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

கீழ்ப்பழனி மலையில் கே.சி.பட்டி, பெரியூர், ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடி என்று எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் இந்த இனத்தில் ஒருவர் தட்டுப்படக்கூடும். ஒருத்தர் ஓய்வுபெற்ற வாத்தியாராக இருப்பார், இன்னொருத்தர் எஸ்டேட் ரைட்டராக. மகன் வாங்கிக்கொடுத்த போனை என்ன செய்வதென்று தெரியாமல் இதில் இறங்கியவர்களும் உண்டு. வெளித்தோற்றத்தில் சாதாரண மனிதர்கள். காலை எட்டரை மணிக்கு மட்டும் ஆள் மாறிவிடும்.

எட்டரைக்கு என்ன விசேஷம்? இந்திய வானிலைத் துறைக்கு மழை நாள் என்பது ஒரு காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை. அந்நேரம் கிரீன்விச்சில் அதிகாலை மூன்று. உலகமே கிரீன்விச் மணிக்கணக்கில்தான் கருவிகளைப் பார்க்கிறது. எட்டு நாற்பதுக்கு ஊற்றுகிற மழை நாளைய கணக்கில் போகும். "இன்னைக்குப் பெஞ்ச மழையை நாளைத் தேதியில எழுதுற ஒரே ஆளு இவருதான்" என்று ஊரில் ஒரு பேச்சு. அவர் அதற்கெல்லாம் அசைகிறவரில்லை.

சொந்தத் தங்கச்சி மகள் கல்யாணம். தாய்மாமன் சீர் வைக்க வேண்டிய நேரம், தாய்மாமனைக் காணோம். மேளக்காரர் இரண்டு தரம் வாசித்து ஓய்ந்துவிட்டார். எட்டு நாற்பதுக்கு மூச்சு வாங்க வந்து நிற்கிறார்.

"எங்கண்ணே போயிட்டே?"

"ரீடிங் எடுத்துட்டு வந்தேன்."

"ஒரு வாரமா மழையே இல்லையேண்ணே!"

"இல்லைங்கிறதையும் போய்ப் பாத்துத்தான எழுதணும்?"

இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. பூஜ்யம் என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றல்ல. காலியாகக் கிடக்கும் கட்டத்துக்கு மழை இல்லை என்றும் அர்த்தம், ஆள் இல்லை என்றும் அர்த்தம். தங்கச்சிக்கு மட்டும் இன்றுவரை அது விளங்கவில்லை.

முதலில் அவரிடம் இருந்தது இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில். கழுத்தை அறுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தால் புனல். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, ஒரு கோடு கிழித்து, அதுவரை தண்ணீர் ஊற்றி அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ள வேண்டும். பக்கம் நேராக இருக்கிற எந்தப் பாத்திரமும் மழைமானிதான்; வாய் அகலம் எவ்வளவு என்பது பொருட்டில்லை. பிறகு காபி விற்ற காசில் முறையான ஃபைபர் மழைமானி வந்தது. அதோடு வில்லங்கமும் வந்தது. பக்கத்திலுள்ள மரம், சுவர் எதுவானாலும் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி மானியை வைக்க வேண்டும் என்பது விதி. காபித் தோட்டத்தில் அப்படி ஓர் இடத்துக்கு எங்கே போவது? நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் நாலு பக்கமும் வானத்தை மறைத்து நிற்கிறது. மழை விட்ட பிறகும் அரைமணி நேரம் இலை சொட்டும். அந்தச் சொட்டு உள்ளே விழுந்தால் கணக்குக் கெட்டது. ஆக மொத்தத் தோட்டத்திலும் திறந்த வானம் உள்ள ஒரே இடம், காபிப் பழம் காயப்போடுகிற களம். களத்துக்கு நட்டநடுவில் மானி ஏறியது.

அன்றிலிருந்து அத்தை மானியைச் சுற்றித்தான் பழத்தைப் பரப்புகிறார். பேரப்பிள்ளைகள் அதை ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடினார்கள். முள்கம்பி வேலி வந்தது. சேவல் அதன் மேல் ஏறிக் கூவியது, சேவல் குழம்பானது. அப்புறம் வெப்பமானிக்காக ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. நாலு புறமும் ஜன்னல் சட்டம்போலச் சாய்ந்த பலகைகள், உள்ளே வெயில் படாமல் காற்று மட்டும் போய்வரும். ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர், 'புதையல் தீவு' எழுதிய ஆர்.எல். ஸ்டீவன்சனின் அப்பா. மாமா இதையெல்லாம் விளக்கி முடித்ததும், வந்திருந்த சொந்தக்காரர் கேட்டார்: "தேன் எப்ப எடுப்பீங்க?"

மாமாவின் நெஞ்சில் ஒரு முள் உண்டு. பேப்பரில் திண்டுக்கல் மாவட்ட மழை அளவு வரும். பழனி, சத்திரப்பட்டி, நத்தம், நிலக்கோட்டை, வேடசந்தூர் எல்லாம் வரும். கொடைக்கானலில் போட் கிளப்புக்குக்கூடத் தனியாக ஓர் எண் வரும். "படகு ஓட்டுற இடத்துக்கு மழைக்கணக்கு இருக்கு, பாச்சலூருக்கு இல்ல!" இதைச் சொல்லும்போது குரல் கம்மும். பரப்பலாறு அணைக்கு மேலே, கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி, இத்தனை காபியும் மிளகும் மலைவாழையும் விளைகிற ஊரில் எவ்வளவு மழை பெய்தது என்று சத்திரப்பட்டியைக் கேட்டா தெரிந்துகொள்வது?

இது வெறும் ஊர்ப்பெருமை அல்ல. 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29. மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போகிற தூரம், அதுவும் சமதரை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரத்தில் 1997 ஜூலையில் ஊரின் ஒரு மூலையில் 14 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. சில கிலோமீட்டர் தள்ளி இரண்டு அங்குலம்கூட இல்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான், அடுத்த ஆண்டு, வீட்டுக்கொல்லையில் மானி வைத்து எண் அனுப்பும் பொதுஜனப் படை ஒன்று அங்கே கிளம்பி நாடு முழுக்கப் பரவியது. இங்கிலாந்தில் சைமன்ஸ் என்பவர் 1860இலேயே இந்த வேலையைத் தொடங்கி, பாதிரியாரையும் பண்ணையாரையும் பிடித்துப்போட்டு, சாவதற்குள் மூவாயிரம் பேருக்கு மேல் சேர்த்துவிட்டார். மலையில் கேட்கவே வேண்டாம். மேகம் எந்த முகட்டில் முட்டுகிறது, எந்தப் பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கிறது என்பது மேகத்துக்கே தெரியாது.

போட் கிளப் மேல் கோபம் இருந்தாலும் கொடைக்கானல் வான்நோக்கு நிலையத்தின் மேல் மாமாவுக்குப் பக்தி. தாது வருஷப் பஞ்சத்தில் மழை பொய்த்து லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்த பிறகு, சூரியனைக் கவனித்தால் பருவமழையின் போக்கு பிடிபடுமோ என்ற யோசனையில் எழுந்த நிலையம் அது. நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. "அவங்க மேல பாக்குறாங்க, நான் கீழ பாக்குறேன். டிபார்ட்மெண்ட் ஒண்ணுதான்."

மலையூர் மழைக்கணக்குக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் எட்டே முக்காலுக்குள் எண்கள் வந்து விழும். ஆடலூர் 31.2. தாண்டிக்குடி 28.6. பன்றிமலை 40. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பன்றிமலையையே பார்ப்பார். "நாப்பதாம்! புள்ளிக்கு அப்புறம் ஒண்ணும் இல்லாம மழை பெய்யுமா?" குழுவில் ஒரு பழைய எஸ்டேட் ரைட்டர் இருக்கிறார்; வெள்ளைக்காரத் தோட்டங்களின் வழக்கப்படி இன்னமும் அங்குலத்திலும் சென்ட்டிலும்தான் போடுவார். நூறு சென்ட் ஓர் அங்குலம், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அவர் எண்ணை மாற்றிப் போடும் வேலை மாமாவுடையது. முதல் எண்ணாக வருவதில் ஒரு போட்டி, அதிக மழையில் ஒரு போட்டி. நூறைத் தொட்டால் செஞ்சுரி. அன்று முழுக்கக் கைதட்டல் பொம்மைகளாக வந்து விழும்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் அந்தப் பாக்கியம் வாசல்வரை வந்தது. அளவுக் குடுவை ஒரு தடவைக்கு இருபது மில்லிமீட்டர்தான் பிடிக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு அத்தை நிற்க, மாமா ஊற்றி ஊற்றி எண்ணினார். இருபது. நாப்பது. அறுபது. எண்பது. குரல் நடுங்கியது. ஐந்தாவது குடுவையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிக்குள் தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும். ஓரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, குழியின் அடியைத்தான் படிக்க வேண்டும். அடி, பத்தொன்பதரைக்கு ஒரு நூலிழை மேலே நின்றது. மொத்தம் 99.6.

"உங்க குல்லாவைப் பிழிஞ்சாலே அரை மில்லி வருமே!" என்றார் அத்தை. நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

மாமா பதில் பேசாமல் மானியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. 99.6 என்றே அனுப்பினார். அடுத்த நிமிஷம் பன்றிமலையிலிருந்து வந்தது: 101. புள்ளி இல்லாமல். அன்று மாமா மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை.

மாமா மழையை எழுதிவைக்கும் நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். பத்திபத்தியாக எண்கள். 2018 நவம்பர் 16க்கு நேரே எண் இல்லை, "கஜா. குடுவை பறந்தது" என்று இருந்தது. இன்னொரு பக்கத்தில் ஒரே சொல்: "யானை." வேறொரு நாளில், "மானியில் சிலந்தி வலை. சந்தேக மழை." சந்தேகத்தைக்கூட எழுதிவைக்கிற ஆளிடம் தைரியமாகக் கடன் கொடுக்கலாம்.

ஊர் ஜனங்களுக்கு இதில் பாதிதான் புரியும். அவர்களுக்கு வேண்டியது பெய்த மழை இல்லை, பெய்யப்போகிற மழை. "மாமா, பழம் காயப் போடவா? நாளைக்கு வருமா?" என்று களத்தோரம் வந்து நிற்பார்கள். மாமாவுக்குச் சுருக்கென்று வரும். "வந்ததைத்தான் நான் சொல்லுவேன். வரப்போறதுக்கு ஆளுக இருக்காங்க." ஒரு காலத்தில் மழை லீவுக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குலதெய்வமாக இருந்த வானிலைத் துறை ரமணன், வேறு வேலை பார்த்துக்கொண்டே மழைப் பித்தில் 'தமிழ்நாடு வெதர்மேன்' ஆகிவிட்ட பிரதீப் ஜான், டெல்டாக்காரர்கள் காது கொடுக்கும் மன்னார்குடி செல்வகுமார். இவர்களைச் சொல்லித் தப்பிப்பார். பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று போட்டிருப்பதைக் காட்டினால், "மரக்காலுக்கு எத்தனை மில்லிமீட்டர்னு எழுதி வாங்கிட்டு வா" என்பார். ஆனால் வரப்போகும் மழையைக் காட்டும் என்று ஊர் நம்புகிற மார்கழிக் கர்ப்போட்ட நாட்களில் மேகம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அண்ணாந்து பார்த்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வதை நான் பார்த்தேன். பேனாவால் எழுதவில்லை. அதுவரை விஞ்ஞானி.

மாசி பங்குனியில் மட்டும் அவர் எண்ணுக்கு நிஜமாகவே விலை உண்டு. காபிச் செடியில் மொட்டு கட்டி நிற்கும். ஓர் அங்குலம்போல ஒரு மழை கிடைத்தால் எட்டுப் பத்து நாளில் மலையே மல்லிகையாக வெளுத்து மணக்கும். அது பூ மழை. அரைகுறையாகத் தூறிவிட்டுப் போனால் மொட்டு கெட்டுவிடும், தெளிப்பான் வைத்தாவது தண்ணீர் காட்டியாக வேண்டும். மோட்டாரைப் போடலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு "நல்ல மழை" பதில் ஆகாது. அந்தப் பருவத்தில் டீக்கடையில் மாமாவுக்குக் காசு வாங்கமாட்டார்கள்.

அவர் சுவரில் பேப்பர் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. வயநாட்டுச் செய்தி. அங்கே விவசாயிகள் அவரவர் தோட்டத்து மானியைப் பார்த்துத் தினமும் எண் அனுப்ப, ஹ்யூம் மையம் என்ற அமைப்பு அவற்றைச் சேர்த்து வைக்கிறது. 2024 ஜூலை 30 விடியற்காலை முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. அதற்கு முந்தின நாளே, அந்தச் சரிவில் மழை எல்லை மீறிவிட்டது என்று அந்த மையம் எச்சரித்திருந்தது. இதைப்பற்றி மட்டும் மாமா டீக்கடையில் பேசுவதில்லை. துண்டு ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் புதுத் தலைவலி. கிழக்குத் தெருவில் எட்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண், பள்ளிக்கூடத்துப் பாடத்துக்காகப் பாட்டிலை அறுத்து மானி செய்து, அப்பாவின் போனிலிருந்து எண் போட்டுவிட்டாள்: "பாச்சலூர் 27." மாமா போட்டது 24.2. ஒரே ஊருக்கு இரண்டு மழை! பன்றிமலைக்காரர் சிரிக்கிற பொம்மை அனுப்பினார்.

டேப், ரசமட்டம், கண்ணாடி சகிதம் மாமா கிழக்குத் தெருவுக்குப் படையெடுத்தார். மரத்துக்கும் பாட்டிலுக்கும் தூரம் அளந்தார், சரி. மட்டம் வைத்தார், சரி. கூழாங்கல், பூஜ்யக் கோடு எல்லாம் சரி. ஸ்கேலை வாங்கித் தம் ஸ்கேலோடு ஒட்டிப் பார்த்தார். அதுவும் சரி. தப்புக் கண்டுபிடிக்க மத்தியானம்வரை அங்கேயே இருந்தார். அவள் அம்மா இரண்டு தரம் காபி கொடுத்துவிட்டாள்.

"புள்ளிக்கு அப்புறம் ஏன் போடல?"

"ஸ்கேல்ல அவ்வளவுதான் தாத்தா நிச்சயமாத் தெரியுது. தெரியாததை எப்படிப் போடுறது?"

மாமா குல்லாவைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். பன்றிமலைக்காரரின் ஸ்கேலைப்பற்றி அவர் அதுவரை யோசித்ததே இல்லை. மறுநாளிலிருந்து குழுவில் பாச்சலூர் மேற்கு, பாச்சலூர் கிழக்கு என்று இரண்டு நிலையங்கள். பெயர் சூட்டியதும் அவர்தான். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்:

"நீ எட்டு முப்பத்தொண்ணுக்குப் போடு பாப்பா. முப்பது எனக்கு."