திருகை இருக்கட்டும்!

கேள்வி: ஓசூர் பாகலூர் சாலை வீட்டை விற்றுவிட்டு அடுக்ககத்துக்குக் குடிபோகிறோம். பாட்டியின் ராகித் திருகை, மூட்டை மூட்டையாகப் பித்தளைப் பாத்திரம், அப்பாவின் ஓடாத டி.வி.எஸ். 50. எதை வைப்பது, எதை விடுவது?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: திருகைக்குத்தான் முதல் இடம். பாட்டியின் உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழப்பான அந்த மரப்பிடியைப் பேத்தியும் பிடித்துச் சுற்றட்டும். களி கிண்டும் ஊரில் திருகைக்கு ரிடையர்மென்ட் கிடையாது! என்ன, கீழ்வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தில் மட்டும் அரைக்காதீர்கள்.

பித்தளையில் நீங்கள் நிஜமாகவே சமைக்கப்போகும் ஒரு குண்டானை எடுத்துக்கொள்ளுங்கள். மீதியைத் தங்கை, நாத்தனார் என்று பிரித்துக் கொடுங்கள். கேட்பதற்கு முன்பே கொடுத்தால் பாத்திரத்தோடு உறவும் பளபளக்கும்.

சிக்கல் டி.வி.எஸ். 50தான். 1980-ல் உங்கள் ஓசூரிலேயே பிறந்த, இருவர் உட்காரும் மொபெட். சிப்ட்டுக்குப் போன அப்பாக்களையும் பால் கேன்களையும் சலிக்காமல் சுமந்த வண்டி. மெக்கானிக் ஓடவைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் துருப்பிடிக்க விடுவது அப்பாவுக்குச் செய்யும் மரியாதை அல்ல. அரசு அங்கீகரித்த வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து, பதிவையும் ரத்து செய்துவிடுங்கள். அதற்கு முன் பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றிக்கொள்ளுங்கள். அப்பா தினமும் திருகியது அதைத்தானே!