கண்ணை இறுக்க மூடிக்கோ

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு செம்பு பாய்லர் இருந்தது. சனிக்கிழமை விடிவதற்கு முன்பே ஆச்சி அதில் சிரட்டையும் தென்னமட்டையும் போட்டு மூட்டிவிடுவாள். அந்தப் புகை வாசனை வந்ததும் நானும் அண்ணனும் போர்வைக்குள் இன்னும் சுருண்டுகொள்வோம். நல்லெண்ணெயில் நாலு மிளகும் ஒரு சிட்டிகை சீரகமும் போட்டு, மிளகு பொரியும்வரை காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் உச்சியில் வைத்துத் தட்டுவாள். அரைமணி நேரம் ஊறிய பிறகு சீயக்காய். முந்தின நாள் எடுத்துவைத்த வடிகஞ்சியில் குழைத்த கூழ் அது. “கண்ண இறுக்க மூடிக்கோட்டி” என்று சொல்லி, இடது கையை என் நெற்றியில் அணைபோல் வைத்துக்கொண்டு, வலது கையால் செம்பைக் கவிழ்ப்பாள். எப்படி மூடினாலும் ஒரு சொட்டு உள்ளே போய்விடும். நான் போடும் கூச்சல் தெருமுக்குவரை கேட்கும்.

1998இல் எனக்கு ஒன்பது வயது. பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் தலைமுடி பறந்துகொண்டே இருந்தது. பூ வாசனை வேறு. பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட் ஷாம்புதான் காரணம் என்று தெரிந்துகொண்டேன். பாக்கெட் ஷாம்பு கடலூரில் வளர்ந்த யோசனை. பெரிய பாட்டில் வாங்க வசதியில்லாதவர்களும் வாங்கட்டும் என்று சின்னிகிருஷ்ணன் சின்ன உறைகளில் அடைத்து விற்றார். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு பட்டிதொட்டியெல்லாம் போனது. அதே நிறுவனம் பின்னாளில் மீரா என்ற பெயரில் சீயக்காய்ப் பொடியையும் பாக்கெட்டில் கொண்டுவந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. விடிந்ததும் வயலுக்கோ பீடி சுற்றவோ போகவேண்டிய பெண்ணுக்கு அந்தச் சின்ன உறை மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரம் பெரிது.

ஆனால் நான் ஆச்சியிடம் அதைக் கேட்ட விதம் தப்பு. “ஒன் சீயக்கா நாறுது, எனக்கு வேண்டாம்” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை சோப்புப் பெட்டிமேல் ஒரு ஷாம்பு பாக்கெட் இருந்தது. வெற்றிலைக்கு வைத்திருந்த காசில் வாங்கியிருக்கிறாள். அன்றைக்கும் அவள்தான் தண்ணீர் விட்டாள். ஷாம்பு கண்ணில் அவ்வளவாக எரியாது. இருந்தாலும் இடது கை என் நெற்றியில் அணை கட்டித்தான் இருந்தது.

இருபது வருஷம் கழித்து, 2018இல் எனக்கு மகள் பிறந்தபோது, வேளச்சேரி வீட்டுக்கு அம்மா இரண்டு பைகளோடு வந்து இறங்கினாள். ஒன்றில் அவள் துணிமணி. இன்னொன்றில் நலங்குமாவு, சீயக்காய்ப் பொடி, உரைமருந்து, உரைகல். வந்த மூன்றாம் நாளே ஜவ்வரிசியை இரும்புச் சட்டியில் போட்டுக் கரியாகும்வரை வறுத்தாள். வீடெல்லாம் புகை. அதில் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்து, வடிகட்டி, சுண்டவிட்டு, சிரட்டையில் ஊற்றி வெயிலில் வைத்தாள். இரண்டு மூன்று நாளில் அது கறுத்து, பளபளவென்று இறுகிவிட்டது. ஒரு சொட்டு நீர் விட்டு விரலால் தேய்த்தால் பொட்டு ரெடி. பிள்ளையின் கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. கடையில் வாங்கிய மையைக் குழந்தைக்கு வைக்க எனக்குப் பயம். என் கண் முன்னால் காய்ந்த இந்தக் கறுப்பில் அந்தப் பயம் இல்லை.

உரைமருந்து விஷயம் வேறு. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாவற்றையும் தாய்ப்பாலில் உரசி நாக்கில் தடவுவது எங்கள் பக்கத்தில் தலைமுறைப் பழக்கம். வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பெயர். குழந்தை மருத்துவர் அம்மாவை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். தேன் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கும், நரம்பைத் தளர்த்திவிடும். மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். பிறகு நானாகத் தேடிப் படித்தேன். வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்காவில் 1968லேயே தடை போட்டிருக்கிறார்கள்.

அம்மா வழியெல்லாம் பேசாமல் வந்தாள். வீட்டுக்கு வந்ததும் உரைகல்லைத் துடைத்துத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். வசம்பை மட்டும் நூலில் கோத்து, தூளிக் கயிற்றில் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் கட்டினாள். “பிள்ள நல்லாருந்தாச் சரி” என்றாள். தான் நாலு பிள்ளைகளுக்குச் செய்ததை, தன் அம்மா தனக்குச் செய்ததை, ஒரு சொல் எதிர்த்துப் பேசாமல் விட்டுக்கொடுத்தாள். வீட்டு வைத்தியத்தின்மேல் எனக்கு இருக்கும் மரியாதையெல்லாம் அந்த நிமிஷத்தில் அம்மாவின்மேல் போய்ச் சேர்ந்துவிட்டது.

மூன்று மாதத்தில் அவள் ஊருக்குப் போய்விட்டாள். டப்பாவில் பொடி தீர்ந்தபோது நானே அரைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயமும் பூலாங்கிழங்கும் நூறு நூறு கிராம், ஒரு கை ஆவாரம்பூ, சேர்த்துவைத்த எலுமிச்சைத் தோல். எங்கள் பால்கனியில் காலை எட்டிலிருந்து பத்துவரைதான் வெயில். மொட்டைமாடிச் சாவியை அசோசியேஷனில் கேட்டு வாங்கி, காக்காவுக்கு வலை போட்டு, மேகம் கூடும்போதெல்லாம் ஓடி ஓடி அள்ளி, ஆறு நாள் காயப்போட்டேன். வளைத்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். இல்லையென்றால் மில்லில் வாங்கமாட்டார்கள். சீயக்காய்க்கு அங்கே தனி மெஷின். மசாலா மெஷினில் விட்டால் அடுத்து வருகிறவரின் மல்லித்தூளில் கசப்பு ஏறிவிடும். மெஷின் அண்ணன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அரைத்தார். நான் தும்மிக்கொண்டே வாங்கி வந்து, பேப்பரில் பரப்பி ஆறவிட்டேன்.

அந்தப் பேப்பர் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் ஆச்சி எனக்குப் புரிந்தாள். இந்த ஒரு டப்பாவுக்கு எனக்கு ஆறு நாள் ஆனது. அவளுக்கு இதற்கு மேலே இட்லிமாவு, வற்றல், வடகம், சாம்பார்ப்பொடி, ஊறுகாய், விளக்குத்திரிவரை எல்லாம் இருந்தது. எட்டுப் பேருக்குச் சமையல். கிணற்றில் இறைத்துத்தான் பாய்லர் நிரம்பும். நான் நாறுகிறது என்று சொன்னது அவளுடைய அந்த ஆறு நாளை.

அவளிடம் நன்றி என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. 2009இல் போய்விட்டாள். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லை.

என் மகள் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் அம்மா வந்திருந்தபோது, தட்டில் தோசை விழுந்ததும் “தேங்க்யூ ஆச்சி” என்றாள். அம்மாவின் கை தோசைத்திருப்பியோடு அப்படியே நின்றது.

“எனக்கு எதுக்குட்டி தேங்ஸ் சொல்லுத? நான் என்ன அசலூர்க்காரியா?”

பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது. “அப்ப என்ன சொல்லணும் ஆச்சி?”

“இன்னொண்ணு வையின்னு கேளு.”

அவள் கேட்டாள். அம்மா வைத்தாள். ஆச்சியிடம் நான் எத்தனை முறை இன்னொன்று கேட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. முழுக்க இல்லை.

அந்தச் சனிக்கிழமை குக்கரை எடுத்துவைத்துவிட்டுப் பானையில் சோறு வடித்தேன், கஞ்சிக்காக. அம்மா காலையிலேயே எண்ணெய் காய்ச்சி மகளுக்கும் எனக்கும் தேய்த்துவிட்டு, கையைத் தன் முழங்காலில் துடைத்துக்கொண்டாள். “ஆச்சிக்கு யாரு தேச்சுவிடுவா?” என்று மகள் கேட்டாள். அம்மா சிரித்தாள். நான் பின்கட்டை நினைத்துப் பார்த்தேன். பாய்லர் ஞாபகம் வருகிறது, செம்பு ஞாபகம் வருகிறது, எங்கள் எல்லார் தலையும் ஞாபகம் வருகிறது. அம்மா தலையிலோ ஆச்சி தலையிலோ வேறொருவர் கை இருந்து நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில், எல்லா வேலையும் முடிந்தபின், அவரவர் தலைக்கு அவரவரே தேய்த்துக்கொண்டார்கள்.

அம்மாவை முக்காலியில் உட்காரவைத்தோம். முடி மெலிந்துவிட்டது, வகிடு அகன்றுவிட்டது. உச்சியில் எண்ணெயை நான் வைத்தேன், மகள் இரண்டு உள்ளங்கையாலும் தட்டினாள். சீயக்காயைக் கஞ்சியில் குழைத்துத் தேய்த்து முடித்ததும் செம்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். இடது கையை அம்மாவின் நெற்றியில் வைத்தாள். அந்தக் கைக்கு நெற்றியில் பாதிதான் எட்டியது.

“கண்ண இறுக்க மூடிக்கோ ஆச்சி.”

அம்மா ஏற்கெனவே மூடியிருந்தாள். விரல் இடுக்கு வழியாகத் தண்ணீர் முகத்தில் இறங்கியது. அம்மா கூச்சல் போடவில்லை.