மருமவனே, மொதல்ல பேரக் கணக்குப் பண்ணு

வா மருமவனே, ஒக்காரு. பையில என்ன, நோட்டீசா? கொழும்பு, கண்டி, ஹட்டன்னு அச்சடிச்ச கெம்பஸ் நோட்டீசெல்லாம் ஒங்கிட்டதான் இருக்கு போல. அடிச்சவன்கிட்டகூட இம்புட்டு இருக்காது. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கப்போறேன்னு நீ மொத மொத சொன்னப்ப ஒன் மவன் பிள்ளக்காம்பராவுல தவழ்ந்துகிட்டிருந்தான். இப்ப அவன் அஞ்சாம் ஆண்டு ஸ்காலர்ஷிப்புக்குப் படிக்கிறான். வெசாரிக்கிறதுக்குப் பட்டம் குடுக்கிற யூனிவர்சிட்டி ஒன்னு இருந்தா நீ இந்நேரம் கவுன் மாட்டி போட்டோ எடுத்திருப்ப.

நான் செக்ரோல்ல பேரு போட்ட பழைய கணக்கப்புள்ள. எனக்குக் கம்ப்யூட்டரு என்னாத்தத் தெரியும்? ஆனா பேருன்னா தெரியும், ஒரு பேருன்னா ஒரு நாள் வேல. 2024 செப்டம்பர்ல, கொழுந்து பறிக்கிற ஒன் அத்தையோட ஒரு நாள் பேருக்கு அடிப்படைச் சம்பளம் 1350 ரூவான்னு ஆக்குனாங்க. அந்தக் கணக்க வச்சுக்க. பீஸ் எவ்வளவுன்னு கெம்பஸ்ல டை கட்டுன பொடியன் சொன்னா, 1350-ஆல வகுத்துப் பாரு. ஒரு லட்சம்னா எழுபத்தஞ்சு பேரு, மூணு மாசம் மலை ஏறணும். பதினஞ்சு லட்சம்னா ஆயிரத்து நூத்துப் பத்துக்கு மேல. மூணரை வருசத்துக்கு மேல கொழுந்து. அதுக்கப்புறமும் அந்த ஏசி ரூம்பு அழகாத் தெரிஞ்சா நீ தாராளமாச் சேரு.

கொழும்பு யூனிவர்சிட்டி 2000-லருந்து பி.ஐ.டி.ன்னு ஒரு வெளிவாரிப் பட்டம் நடத்துது. வேல பாக்கிறவனும் படிக்கலாம். மூணு வருசம், பாடமெல்லாம் இங்கிலீஷ். பரீட்ச வச்சுப் பட்டம் குடுக்கிறது யூனிவர்சிட்டி. வகுப்பு நடத்துறவன் வேற ஆளு. அவன் போர்டுல கொழும்பு யூனிவர்சிட்டி பேரு பெருசாவும் அவன் பேரு சிறுசாவும் இருக்கும். காச மட்டும் பெருசா அவன் வாங்குவான். வகுப்புக்குப் போறதும் போகாததும் ஒன் இஷ்டம். சொந்தமாப் படிச்சும் எழுதலாம். இத எந்த நோட்டீசுலயாவது போட்டிருக்கானா பாரு. போட்டிருக்க மாட்டான், அவனும் புள்ளகுட்டிக்காரன்தானே.

அந்தப் படிப்புல எனக்குப் புடிச்சது வேற. மொத வருசம் முடிச்சு நின்னா டிப்ளோமா, ரெண்டு முடிச்சா ஹையர் டிப்ளோமா, மூணும் முடிச்சா பட்டம். கொழுந்து நிறுவ கொறஞ்சவளுக்கு நாங்க அரப்பேராவது போடுவோம். பாதியில நின்னா அந்த அரப்பேருகூட இல்லாத படிப்பு ஊருல நெறைய கெடக்கு. நீ எதையும் பாதியில விடாத ஆளுதான், எனக்குத் தெரியாதா? கராத்தே, கிட்டாரு, கோழி வளர்ப்பு, எல்லாத்தையும் எங்க கண்ணால பாத்தவங்கதானே நாங்க. அதனாலதான் சொல்றேன்.

இல்லன்னா நாவலயில திறந்த பல்கலைக்கழகம் இருக்கு. 1980-லருந்து வேல செய்யிறவங்களும் படிக்கிற மாதிரி நடக்குது. சொப்ட்வெயார் இஞ்சினியரிங் பட்டமே அங்க இருக்கு. ஏ.எல். சறுக்குனவனுக்கு அடிப்படப் படிப்பு வழியா ஏறுற பாதையும் சில பட்டங்களுக்கு வச்சிருக்காங்க. எதுக்கு எதுன்னு நேருல போயிக் கேளு. மொகநூல்ல கேக்காத, அங்க எல்லாருமே டீன்தான்.

தனியார் எடம்னா ஒரே கேள்வி. பல்கலைக்கழகச் சட்டத்தோட 25ஏ பிரிவுல இந்தப் பட்டத்த அரசாங்கம் ஏத்துக்கிட்டிருக்கா? கட்டடத்தக் கேக்கல, பட்டத்தக் கேக்குறேன். வெளிநாட்டுப் பட்டம்னா, அந்த யூனிவர்சிட்டிய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏத்துக்குதான்னு எழுதிக் கேட்டு வாங்கு. லண்டன்னு பேரு இருந்தா லண்டன்ல இருக்கணும்னு இல்ல. நம்ம ஊர்லயும் லண்டன் டெயிலர் இருந்தான்.

மூணு வருசமா நாலு வருசமான்னு கொழம்பாத. இலங்கைத் தகைமைக் கட்டமைப்புல மூணு வருசப் பட்டம் அஞ்சாம் மட்டம், நாலு வருசச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். கம்ப்யூட்டர் சயன்சா, ஐ.டி.யா, சொப்ட்வெயாரான்னு பேருக்குச் சண்ட போடாத. உள்ளுக்குள்ள டேட்டாபேஸ், நெட்வேர்க், அல்கோரிதம், கணக்கு எல்லாம் எவ்வளவு ஆழமா வருதுன்னு பாடத்திட்டத்த வாசி. கணக்குன்னதும் ஏன் சொவரப் பாக்கிற? போன்ல ரீல்சு பாக்கிறதத்தான் கம்ப்யூட்டர் சயன்சுன்னு நெனச்சியா?

காசு கட்டுறதுக்கு முன்ன ஒன்னு செய்யி. அமெரிக்காவுல ஹார்வர்ட் யூனிவர்சிட்டி சி.எஸ்.50-ன்னு ஒரு பாடத்த இன்டர்நெட்டுல சும்மாவே போட்டிருக்கு. ஸ்க்ராச்சுல வெளையாட்டாத் தொடங்கி, அடுத்த வாரமே சி மொழியில கழுத்தப் புடிக்கும். தலவாக்கலக் கடையில பில்லுப் போட்டு, கடைசி பஸ்ஸப் புடிச்சு லிந்துல, அக்கரபத்தன எல்லாம் தாண்டி டயகம வந்து எறங்கி, ரொட்டிய மென்னுகிட்டே ராத்திரி ஒரு மணித்தியாலம் அதுக்கு ஒக்காந்து பாரு. சிக்னல் இல்ல, கரண்டு இல்லன்னு சாக்குச் சொல்லாத. சிக்னல் கெடைக்கிற நேரத்துல டவுன்லோடு பண்ணி வச்சுக்க. சினிமாவுக்கு அந்த வித்த ஒனக்குத் தெரியுந்தானே.

மூணு மாசம் அதுல தாக்குப்புடிச்சா, பி.ஐ.டி.க்கோ திறந்த பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பம் போடு. மொத வருசப் பீசுல பத்துப் பேருக் காசு நான் தாரேன். தாக்குப்புடிக்கலன்னா வெக்கப்படாத. எழுபத்தஞ்சு பேரு மிச்சம்னு ஒன் அத்தைக்குக் கும்பிடு போடு. ஆனா மருமவனே, இனிமே ஒரு நோட்டீசு இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது. தீர்ப்பு அவ்வளவுதான்.